மாலொமோ என்கிற பேர்

என் மகளின் பேரைக் கேட்டதும் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டோம் என்று நினைத்து, 'வேதத்துக்குப் போயிட்டீங்களா' என்று கேட்பார்கள். இரண்டு வகைக்கும் பதில் சொல்லி அலுத்துப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்று, அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனவன் நான். எழுத்து முன்பின் இருக்கும். நடந்தது நடந்தபடி இருக்கும்.

அவள் பேர் மாலொமோ. இது ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம், நைஜீரியாவில் யொருபா என்கிற ஜனங்கள் வைக்கிற பேர். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். 'இனிமேல் போகாதே' என்று அர்த்தம். எல்லாப் பிள்ளைக்கும் வைக்கிற பேர் அல்ல. முன்னால் பிறந்தவை செத்துப் போய், அதற்குப் பிறகு பிறக்கிற பிள்ளைக்குத்தான் வைப்பார்கள். ஒரே பிள்ளைதான் திரும்பத் திரும்ப வந்து பிறந்து திரும்பத் திரும்பப் போய்விடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் வந்ததும் கெஞ்சிவிடுகிறார்கள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் கெஞ்சல்தான்.

புத்தூர் தாலுகாவில் கூலிக்காரனுக்கு இந்தப் பேர் எப்படிக் கிடைத்தது என்றால், யுத்தத்தால் கிடைத்தது. யுத்தம் முடிகிற சமயத்தில் கார்வேட்டிநகரம் பக்கம் ஆப்பிரிக்கச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பர்மாவில் சண்டை போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள். மாந்தோப்புகளை ஒட்டிக் கூடாரம் போட்டிருந்தது. அவர்களுக்கு வால் இருக்கிறது, அதைக் கால்சட்டைக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் படித்தவர்களே சொன்னார்கள். பெண்கள் களை எடுக்கப் போகவில்லை. நான் போனேன். சமையல் கூடாரத்துக்கு விறகு பிளக்க ஆள் வேண்டும் என்றார்கள், வேளைக்குச் சோறும் போடுகிறோம் என்றார்கள். வால் இருந்தால் எனக்கென்ன.

அங்கே ஒரு சிப்பாய் இருந்தான். காலில் குண்டடி பட்டதால் அவனைச் சமையலுக்குத் தள்ளியிருந்தார்கள். நம் ஊர் மல்லாக்கொட்டையை, வேர்க்கடலையைத்தான், வறுத்து, கல்லில் அரைத்து, கருவாடு போட்டுக் குழம்பு கொதிக்கவைப்பான். எங்கள் வீட்டுக் குழம்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிளகாய் மட்டும் நம்மைவிடக் கூட. வெள்ளைக்கார சார்ஜெண்டு அவனைக் கூப்பிடுவதற்கு ஓர் இங்கிலீஷ் பேர் வைத்திருந்தான். சொந்தப் பேர் வாயில் நுழையவில்லையாம். இத்தனைக்கும் மூன்று எழுத்துச் சத்தம்தான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷும் கொஞ்சம். ஒருநாள் விறகுக் குவியலில் உட்கார்ந்திருந்தபோது சொந்தப் பேரைக் கேட்டேன். சொன்னான். அர்த்தம் கேட்டேன். "நோ கோ அகெய்ன்" என்றான். எனக்குப் புரியவில்லை. தரையில் கையால் சின்னதாய் ஒரு மேடு காட்டினான். பக்கத்தில் இன்னொன்று. பிறகு தன் மார்பைத் தொட்டான். புரிந்துவிட்டது. இந்த மேடுகளைக் காட்டுவதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

அவன் ஊரில் சில பேர் இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குக் குப்பைமேடு என்றே பேர் வைப்பார்களாம். சாவு அருவருத்து விட்டுப் போகட்டும் என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னோடு விறகு பிளந்த ஆட்களைக் காட்டினேன். பாதிப் பேர் குப்பன், மீதிப் பேர் பிச்சை. ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, அர்த்தத்தைக் கையால் காட்டிச் சொன்னேன். அவன் நம்பாமல் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். "மை மதர் நோ லைக்" என்றான். அவன் அம்மாவுக்குக் குப்பைப் பேர் பிடிக்கவில்லை, கெஞ்சுகிற பேரே போதும் என்றாளாம். கப்பல் வந்து அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் எனக்கு மாமன் மகள். பேர் குப்பம்மா. அவளுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்று, பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி, தவிட்டைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விலைக்கு வாங்கிய மாதிரி வாங்கி, வைத்த பேர். அந்தப் பேரை அவள் தானாக யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய வீட்டில் களத்துமேட்டு வேலைக்குப் போனால், அம்மா என்கிற பாதியை வெட்டிவிட்டு மீதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் வேலையில் கண்ணாக இருப்பது போலத் திரும்பாமல் இருப்பாள். இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் போவாள்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பையன். அப்போது நான் சூளூர்பேட்டையில் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று செய்தி வந்து, நான் வந்து சேர்ந்தபோது புதைத்தாகிவிட்டது. இரண்டாவது பெண். அதற்குக் காய்ச்சல் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். இருந்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மூன்றாவது, ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம், புரட்டாசியில் பிறந்தது. பேர் வைக்கிற அன்று என் அக்கா முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள்.

"கொழந்தய எட்ரா. வெயில் ஏர்றதுக்குள்ள குப்பமேட்டுல பொரட்டி எடுத்துக்கினு வந்துடலாம்."

"தரமாட்டேன் அண்ணி" என்றாள் என் மனைவி.

"இன்னாடி தரமாட்டேன்? ஒன்னப் பொரட்டனதாலதான நீ இப்ப பொழச்சிக் கீற?"

"பொழச்சித்தான் கெடக்கறேன். எவளாச்சும் பேரச் சொன்னா திரும்ப மனசு வர்ல. அந்தப் பொழப்பு இவளுக்கு வாணாம்."

"அப்ப மகாராணின்னு வைக்கிறதுதான? எமன் வந்து பேரக் கேட்டுட்டு, கும்புடு போட்டுட்டுப் போவான்."

அப்போதுதான் எனக்குச் சிப்பாயின் நினைப்பு வந்தது. பேரைச் சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"போவாதன்னா பேரு? அத மொதல்ல ஒனக்கில்ல வைக்கணும். மாசத்துக்கொரு ஊரு பூட்றவன் நீ."

வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது குழந்தை போனதிலிருந்து சிரிக்காத என் மனைவியும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஆளு பொழச்சானா மாமா?"

"பொழச்சி, யுத்தத்துக்கே போய்த் திரும்பிட்டான்."

"அப்ப அது போதும்."

என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தன் வாய்க்குச் சரியாக வருகிறவரை விடவில்லை. குறுக்கிச் செல்லப் பேர் வைக்கக் கூடாது, கூப்பிட்டால் முழுசாகக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே குழந்தையின் காதில் பேரைச் சொன்னாள். தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளை தங்கியது. பேரால் தங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். என் மனைவி சொல்வாள். ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் அவள் விடியும்வரை அந்தப் பேரையே சொல்லிக்கொண்டிருப்பாள். கயிற்றால் கட்டி வைத்தது போல அவளுக்கு அது.

இதற்கு நடுவில் எல்லைச் சண்டை வந்தது. எங்கள் ஊர் ஆந்திராவா, மெட்ராஸா. வீட்டில் தமிழ் பேசுவோம், சந்தைக்குப் போனால் தெலுங்கு பேசுவோம், அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ஊரில் இரண்டு பேர் யோசித்தார்கள். ஒருவர் பெரிய வீட்டுக்காரர். கிணறும் கரும்பும் அவருடையவை, எங்கள் குடிசை நின்ற இடமும் அவருடையது. அவர் தமிழ்ப் பக்கம். இன்னொருவர் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார். அவர் தெலுங்குப் பக்கம். இரண்டு பக்கமும் கூட்டம் போட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். இவர் வருகிற தெருவில் அவர் வரமாட்டார். எங்கள் தெருக்காரர்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்போதும் ஒரே கருத்து. தலை எண்ண வேண்டும் என்று வந்தபோதுதான் எங்கள் தெருவில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் ஞாபகம் வந்தது. இவர் வந்து 'நீங்க தமிழங்க, மறந்துடாதீங்க' என்றார். அவர் வந்து 'மீரு மனவாள்ளே' என்றார். நீங்களும் நம்ம ஆட்கள்தான் என்று அர்த்தம். வாசலுக்கு வெளியே நின்றுதான் சொன்னார்.

மகளுக்குப் பள்ளிக்கூட வயசு வந்தபோது நான் சித்தூரில் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பேரைச் சொன்னாள். தலைமை வாத்தியார் தலையை ஆட்டினார். அவர் என்ன எழுதினார் என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவர் எழுதியது ஒரு தெலுங்கு அம்மன் பேர். நல்ல பேர்தான். ஆனால் என் மகளின் பேர் அல்ல. மறுநாள் காலையில் அந்தப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அது யாரோ. மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பிறகு பிரம்பால் உள்ளங்கையில் அடித்து 'நீ பேரு ஏமி' என்று கேட்டிருக்கிறார். அவள் உண்மையான பேரைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு இன்னும் இரண்டு அடி. இப்படியே அந்த வாரம் முழுக்க நடந்திருக்கிறது. உள்ளங்கை வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் என் மனைவிக்கு விஷயமே தெரிந்தது. அந்த ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்.

செய்தி கிடைத்து நான் வந்தபோது, பிள்ளை கந்தல் மேல் சுருண்டு கிடந்தது. புத்தூர் கம்பவுண்டர் கொடுத்த மாத்திரை தலைமாட்டில் இருந்தது.

"பேர மாத்திட்டாங்க மாமா" என்றாள். "கட்ட அவுத்து வுட்டுட்டாங்க. பழைய பேர எழுதாம இது எறங்காது. இப்பவே வா."

எனக்கு அந்த நம்பிக்கை உண்டா இல்லையா என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. எனக்கு இரண்டு மேடு தெரியும். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். நடந்தோம்.

மறுநாள் எல்லை விஷயமாக ஒரு ஆபீசர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில்தான் உட்காருவார். அதனால் தலைமை வாத்தியார் அங்கே இருந்தார். அவர் தனியாக ஏதாவது செய்துவிடுவாரோ என்று பெரிய வீட்டுக்காரரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படிக்குக் கீழே நின்றோம். மேலே ஏற எங்களுக்கு வழக்கம் இல்லை.

"சார், பாப்பா பேர மாத்தி எழுதிட்டீங்களாம். அவ பேரையே எழுதிடுங்க" என்றேன்.

"அதி ஏம் பேருரா? தெலுகா, அரவமா?" என்றார். அரவம் என்றால் தமிழ்.

"ரெண்டும் இல்ல சார். ஆப்பிரிக்கா பேரு."

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த பெரிய வீட்டுக்காரர் திரும்பினார். "இன்னாது? காப்பிரி பேரா?"

"ஆமா ஆண்டே" என்றேன். எஜமானை எங்கள் தெருக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

அவர் சிரித்தார். தலைமை வாத்தியாரும் சிரித்தார். "ஆ கலருக்கு சரியான பேரே" என்றார் வாத்தியார், என் மனைவியின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்து. "சாரு சொல்றதும் சரிதான்" என்றார் பெரிய வீட்டுக்காரர். இரண்டு வருஷமாகச் சாவு வீட்டில்கூடப் பேசிக்கொள்ளாதவர்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சரி என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். என் மகளை வைத்துத்தான் சமாதானம் ஆனார்கள்.

அர்த்தத்தைச் சொன்னேன். ஏன் வைத்தோம் என்று சொன்னேன். முன்னால் போன இரண்டையும் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். இதையெல்லாம் படிக்குக் கீழே நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

"அதெல்லாம் இருக்கட்டும்டா" என்றார் பெரிய வீட்டுக்காரர். "நாளைக்கு ஆபீசரு வந்து பேரு கேட்டா தமிழ்க் கொழந்தன்னு தெரியவாணாமா? நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்றேன், வைய்யி."

"எந்துக்கு? நேனு ராசேசினானு" என்றார் வாத்தியார். நான்தான் எழுதிவிட்டேனே என்றார். "தெலுகு பேரு. அது இருக்கும்."

"அது எப்பிடி இருக்கும்? வூட்டுல தமிழு பேசற கொழந்த."

"சந்தலோ என்ன பேசுது?"

திரும்பவும் சண்டை ஆரம்பித்தது. என் பிள்ளை யார் பக்கம் என்று. பிள்ளையின் தலை அவள் அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் பெரிய வீட்டுக்காரருக்கு ஒரு வழி தோன்றியது. தொடையைத் தட்டினார்.

"இன்னாத்துக்கு இந்த ரோதன? ஆத்தா பேரையே வச்சிடுறா. குப்பம்மா. தமிழ்லயும் குப்பம்மா, தெலுங்குலயும் குப்பம்மா. ஒங்களுக்கும் அதான வழக்கம்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "அதி பாகுந்தி" என்றார். அது நன்றாக இருக்கிறதாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கையில் என்ன இருந்தது என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதற்குள் என் மனைவி பேசினாள். அந்த மனிதர் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் பேரு எங்க வூட்டுல ஒண்ணு கீது. அது போதும். நான் செத்தப்பறம் வேணும்னா நீங்க எடுத்து ஒங்க பேத்திக்கு வச்சிக்குங்க."

பேனா நின்றது. பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"இன்னாடி சொன்ன?"

"காதுல வுழுந்துதான இருக்கும்" என்றாள். திரும்பி நடந்தாள். நானும் நடந்தேன். பின்னால் அவர் கத்தியது தெரு முனைவரை கேட்டது. இந்த முறை ஆண்டே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இனி களத்துமேட்டுக்கு வர வேண்டாம், குடிசையை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் ஆபீசர் வரும்போது அந்தத் தெருவில் எங்கள் சத்தமே இருக்கக் கூடாதாம். எனக்கு ஊரை விட்டுப் போவது புதிது இல்லை. அவளுக்குப் புதிது. இரண்டு மேடும் அந்த ஊர் ஏரிக்கரையில் இருந்தன. விடியற்காலையில் அங்கே போய்விட்டு வந்தாள், பாத்திரங்களை மூட்டை கட்டினாள், புத்தூரில் பஸ் ஏறினோம். வடமாலபேட்டை தாண்டும்போது பிள்ளைக்குக் குப்பென்று வேர்த்தது. கம்பவுண்டர் மாத்திரையோ, பஸ் காற்றோ. என் மனைவி வழி முழுக்க அதன் காதில் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள், அதனால் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

திருப்பதியில் சத்திரங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுண்ணாம்பு குழைக்கிற வேலை, அவளுக்குச் செங்கல் தூக்குகிற வேலை. ரயில்வே கேட் பக்கத்தில் தங்க ஒரு சாய்ப்புக் கொட்டகை கிடைத்தது. எல்லை முடிவானதை அங்கே டீக்கடையில் கேட்டேன். எங்கள் ஊர் எந்தப் பக்கம் போனது என்று எழுத மாட்டேன். எழுதினால் தோற்றவர் மேல் உங்களுக்கு இரக்கம் வரும். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது கிடைக்கக் கூடாது.

ஒரு வருஷம் கழித்து அவளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு டீச்சரம்மா. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிறைய பேர். "பாப்பா, நீ பேரு செப்பு" என்றார். பேரைச் சொல் என்கிறார். அவள் மேசை மேல் இருந்த பிரம்பைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். தெருவில் எந்தப் பிள்ளை கேட்டாலும் கத்திச் சொல்கிறவள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டீச்சரம்மா காத்திருந்தார், பிறகு பிரம்பை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். தெரிந்து செய்தாரா, இடைஞ்சலாக இருந்ததால் செய்தாரா, எனக்குத் தெரியாது.

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கட்டிகா" என்றார். சத்தமாகச் சொல்லச் சொன்னார். அவள் சத்தமாகச் சொன்னாள். அவர் எழுதினார், எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினார், அவள் தலையை ஆட்டினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அது என்ன பாஷை என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷி. இருந்தும் கவிழ்த்திருப்பேன். பழைய ஊர்ப் பள்ளிக்கூடப் படிக்குக் கீழே கைகட்டி நின்று அடக்கியதெல்லாம் அப்படியே எனக்குள் இருந்தது, இறக்கி வைக்க ஆள் கிடைக்கவில்லை. வெளியே வந்து, சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி செங்கல் வேலைக்கு நேரமாகிறது என்று முன்னால் போய்விட்டாள்.